வீடு பார்க்கக் கொண்டுபோன பருப்பு

வீடு வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை என்று பதினேழு விஷயங்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் வீடு வாங்க நினைத்த தெரிந்தவர்கள் பலர் என்னை ஒருமுறையாவது கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதுவரை நாற்பத்து மூன்று வீடுகள். பதினெட்டுக்கு வேண்டாம் என்று சொன்னேன். கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு. பதினேழில் பதினாறைப் பற்றி எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. பதினேழாவதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பதினேழாவது, பருப்பு. எங்கள் பக்கத்தில் தண்ணீர் நல்லதா என்று கேட்க மாட்டார்கள், அந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமா என்றுதான் கேட்பார்கள். உப்பு கலந்த தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு கிடக்கும். எல்லோரும் பேச்சுக்குச் சொல்வதை நான் சோதனையாகவே வைத்துக்கொண்டேன். அரை உழக்குப் பருப்பு, ஒரு செம்புத் தண்ணீர், குக்கர் கூடாது, திறந்த பாத்திரம். நாற்பது நிமிடத்துக்குள் மலர்ந்தால் வீட்டை வாங்கலாம். வீட்டுக்கு வீடு பருப்பு மாறினால் ஒப்பிட முடியாது அல்லவா? அதனால் ஒரே கடையில், ஒரே நாளில் ஒரு படி வாங்கி, காய்ந்த வேப்பிலை போட்டு மூடி வைத்து, போகிற வீட்டுக்கெல்லாம் அதிலிருந்தே அளந்து கொண்டுபோவேன். அந்தப் பருப்பை என் மனைவி சமையலுக்குத் தொடக்கூடாது.

இந்த வழக்கம் எங்களுக்காக வீடு தேடியபோது ஆரம்பித்தது. முப்பத்தொரு வருடம் ஆகிறது. அப்போது ராஜபாளையத்தில் எனக்கு வேலை, மனைவிக்கு அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. ஒன்பதுக்குப் பத்து அடியில் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில் இருந்தோம். மகளுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனை முடிந்து வரும்போது நேர்வழியில் வர மாட்டோம். மில் முதலாளிகள் வீடு கட்டியிருந்த தெரு ஒன்று இருந்தது. அது வழியாகச் சுற்றி வருவோம். எண்ணூறு அடி கூடுதல். மனைவிக்கு அந்தத் தெரு பிடிக்கும்.

இருபத்திரண்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்டிலிருந்து கதவு வரை குறைந்தது முப்பது அடி நடக்க வேண்டும். மதில்களுக்கு மேலே மாமரமும் வேம்பும். தெருவில் ஆள் இருக்காது. மொத்தத் தெருவுக்கும் ஐந்து கார், ஒரு டிரைவர் எப்போதும் துடைத்துக்கொண்டே நிற்பார். கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் வெள்ளை நாய் ஒன்று இளஞ்சிவப்பு மூக்கை நீட்டிப் பார்க்கும், குரைக்காது. நாங்கள் வாங்க வந்தவர்கள் இல்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது போல. ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. நாங்கள் இருந்த ஒண்டிக்குடித்தன வளவில் ஒரு வீட்டில் வெங்காயம் நறுக்கினால் நாலு வீட்டில் கண் எரியும். பணக்காரத் தெருவில் நாம் விலை கொடுப்பது இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் காற்றுக்குத்தான் என்று நோட்டின் முதல் குறிப்பாக அப்போதே எழுதிக்கொண்டேன். இன்றும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

"ஏங்க, இந்த வீட்டுல எத்தன ஜன்னல் இருக்கும்?" என்று அவள் கேட்பாள். நான் எண்ணிச் சொல்வேன். "அம்புட்டையும் யாரு தொடைக்கிறது?" என்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நகர்வோம்.

தெருவின் கடைசி வீடு சின்னது. ஒரு மில் மேனேஜர் கட்டியது. இரும்புக் கேட்டில் ஈட்டிபோலப் பதினான்கு முனைகள், இடமிருந்து மூன்றாவது வளைந்திருக்கும். உள்ளே ஒரு வேம்பு, பின்னால் உறைக்கிணறு, மேற்கே பார்த்தால் மலை. அந்த வீடு விலைக்கு வந்தது. மேனேஜர் ஊரைவிட்டுப் போகிற அவசரத்தில் இருந்தார். தளவாய்புரத்தில் மாமனார் கொடுத்த நிலம், இரண்டு பேருடைய சம்பளத்தின் மேல் கடன் என்று கூட்டிப் பார்த்தால் எட்டியது. மனைவி கேட்டிலிருந்து கதவு வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "நாப்பத்தி ஒரு எட்டு," என்றாள். அன்றுவரை அவள் எண்ணிச் சொன்னது அந்த ஒன்றுதான்.

அதற்கு முன் இரண்டு வருடத்தில் வேறு ஏழு வீடுகள் பார்த்திருந்தோம். ஏழிலும் பருப்பு வெந்தது, வேறு காரணங்களால் வேண்டாம் என்றேன். இந்த வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாகக் குடத்தில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, முன்கம்பியில் மகளை உட்காரவைத்து வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடிச் சீசாவில் மீதம் இருந்தது சரியாக அரை உழக்கு. ஸ்டவ்வில் ஏற்றிவிட்டு கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். ஒரு மணி நேரம். ஒரு மணி பத்து நிமிடம். கரண்டியால் கிளறினால் கூழாங்கல் மாதிரி சத்தம். மனைவி உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வேண்டாம்," என்றேன்.

நான்கு நாள் அவள் அதிகம் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள். அந்த வருடமே எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றல் வந்தது. கோபுரம் தெரிகிற தெருவில், பதினோரு அடி அகலத்தில் ஒரு வீடு. சீசா காலியாகிவிட்டதால் புதிதாக ஒரு படி பருப்பு வாங்கினேன். முப்பத்தாறு நிமிடத்தில் மலர்ந்துவிட்டது. வாங்கினோம். தெருவிலிருந்து கதவுக்கு மூன்று அடி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அந்தப் பக்கத்து வீட்டார் தும்மினால் நாங்கள் "ஸ்தோத்திரம்" என்போம். அங்கேதான் முப்பத்தொரு வருடம் ஓடிற்று.

இப்போது மருமகன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். எங்கே குடியிருப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். அவருடைய அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு ஃபிளாட் பார்த்து, திங்கட்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார். மகளுக்கு ராஜபாளையம் ஆசை. ஒரு வாரத்தில் பதினொரு வீடு பார்த்துச் சலித்துவிட்டாள். ராஜபாளையம் என்றால் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். கோயம்புத்தூர் என்றால் ஏழு மணி நேரப் பஸ். என் மனைவியின் முழங்காலுக்கு ஏழு மணி நேரம் என்பது வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் சந்தேகம். எனக்கு எழுபத்து மூன்று வயது. இன்னும் எத்தனை ஒருமுறை இருக்கும் என்று நானும் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை புரோக்கர் அனுப்பிய படத்தை மகள் செல்போனில் காட்டினாள். இரும்புக் கேட். பதினான்கு முனைகள். மூன்றாவது வளைந்திருந்தது.

நான் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குப் பாத்துருவோம்ப்பா. இதும் சரிவரலன்னா கோயம்புத்தூர்தான். அவிய போன்ல சொல்லிட்டாவ, மாமா சரின்னா சரி, மாமா வேண்டாம்னா வேண்டாம்னு."

மருமகன் அப்படிச் சொன்னது பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை, எழுந்துபோய்ப் பருப்பு டப்பாவில் மீதம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். நான், மனைவி, மகள். கேட்டில் புரோக்கர் நின்றார்.

"வாங்க சார். நீங்க வருவியன்னு தெரிஞ்சிருந்தா நான் இந்த வீட்டப் பத்தி வாயே தொறந்திருக்க மாட்டேன்," என்றார். என்னால் அவருக்கு மூன்று வியாபாரம் கெட்டிருக்கிறது.

தெருவை எண்ணினேன். இருபத்திரண்டில் பழைய வீடுகள் ஆறுதான். மற்றவை மாடி மாடியாகக் குடியிருப்பு, ஒரு பல் ஆஸ்பத்திரி, ஒரு கல்யாண மண்டபம். முதலாளிகளின் பிள்ளைகள் மலையடிவாரத்துப் பக்கம் தோட்டத்தோடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மதில்களில் நாய்களுக்குப் பதில் கேமரா. ஆனாலும் கடைசி வீட்டின் வேம்பு இருந்தது. கேட்டிலிருந்து கதவு வரை எண்ணிக்கொண்டு நடந்தேன். ஐம்பத்தெட்டு. அன்று மனைவிக்கே நாற்பத்தொன்று. இடம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. என் எட்டுத்தான் சின்னதாகிவிட்டது.

வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிற குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். "ரண்டி சார், ரண்டி," என்று உட்காரவைத்தார். மேனேஜரிடம் நேரடியாக வாங்கி, முப்பத்தொரு வருடமாக இருக்கிறாராம். பிள்ளை ஹைதராபாத்துக்குக் கூப்பிடுகிறான். "எங்களுக்கு முந்தி ஒரு வாத்தியார் பேசி வச்சிருந்தாராம். என்னமோ சரியில்லன்னு போயிட்டாராம். புண்ணியவான்," என்றார். என் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

நோட்டை எடுத்தேன். புறங்கையை வைத்துச் சுவரின் ஈரம் பார்த்தேன். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சீக்கிரம் தெரியும். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன். மேற்குச் சுவரில் வெயிலைத் தடுக்க மரம் இருக்கிறதா, இருந்தது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் முன்பே விசாரித்தாயிற்று. ஒரு தெருவில் யார் யாரோடு பேச்சில்லை, எந்த வீட்டில் மழைத்தண்ணீர் நுழையும் என்பது அவருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. மூலப்பத்திரம் பார்த்தேன். வில்லங்கச் சான்று விற்கிறவர் தருவதை நம்பக்கூடாது, நாமே எடுக்க வேண்டும் என்பது பதின்மூன்றாவது குறிப்பு. மகள் எடுத்து வைத்திருந்தாள். பதினாறும் சரி.

பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன்.

"எப்பா, வேண்டாம்ப்பா," என்றாள் மகள். "குடிக்க மலைத்தண்ணி வருது. உள்ள ஆர்.ஓ. மெஷின் இருக்கு. இந்தக் காலத்துல யாரு பருப்ப வேகவச்சு வீடு வாங்குறா?"

"மலைத்தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வருது. பாக்கி மூணு நாளு இந்தக் கெணறுதான். உங்கம்மாட்டக் கேளு, உப்புத்தண்ணியில துணி தொவச்சா எப்படி இருக்கும்னு."

"என்னைய இழுக்காதிய," என்றாள் மனைவி.

புரோக்கர் மகளைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "தாயி, நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன். உங்கப்பாகிட்ட நம்ம பருப்பு வேகாது."

வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் இது வேடிக்கையாக இருந்தது. அவரே கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து அடுப்பை மூட்டிக் கொடுத்தார். பத்து மணி ஐம்பதுக்கு ஏற்றினேன்.

பதினொன்று முப்பது ஆயிற்று. நாற்பது நிமிடம். ஒரு பருப்பை எடுத்து நசுக்கினேன், நசுங்கவில்லை. பதினொன்று ஐம்பது. தண்ணீர் வற்றி இன்னொரு செம்பு ஊற்றினேன். மனைவி பின்வாசல் படியில் உட்கார்ந்து கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பார்த்த பரீட்சைத்தாளை மறுபடி கையில் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. அதே கிணறு, அதே விடை. அப்படியானால் அன்று நான் சொன்னது சரி. சரி என்பதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்று அந்த அடுப்பின் முன்னால் நின்று யோசித்தேன். வெந்துவிட்டது என்று சொல்லிக் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் இருபது வருடம் அந்தத் தண்ணீரில் புழங்கப்போகிறவள் என் மகள். வேகவில்லை என்று சொன்னால் நாளை மறுநாள் கோயம்புத்தூருக்குப் பணம் போய்விடும்.

பன்னிரண்டு மணிக்கு மகள் வந்து எட்டிப் பார்த்தாள். செல்போனைக் கையில் வைத்திருந்தாள்.

"வேகலம்மா," என்றேன்.

அவள் முகம் ஏழு வயதில் இருந்த மாதிரி ஆயிற்று. "சரிப்பா. அவியட்டச் சொல்லிருதேன்," என்று திரும்பினாள்.

அப்போதுதான் வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். கரண்டியில் நாலு பருப்பை எடுத்து ஊதி, ஒன்றைக் கடித்தார். துப்பினார். பிறகு என் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"சார், இந்தப் பப்பு எப்ப வாங்குனது?"

"ரெண்டரை வருஷம் இருக்கும். ஒரே படி. எல்லா வீட்டுக்கும் ஒரே பருப்பு இருந்தாத்தான்…"

"ரெண்டரை வருஷமா! அய்யய்யோ. பாத பப்பு சார் இது. பழசு. இத நீங்க மலையில போய் அருவித் தண்ணியில போட்டாலும் வேகாது. நல்லா ஊறவச்சு கோழிக்குப் போடலாம், அதுவும் நல்ல கோழியா இருந்தா தின்னாது."

புரோக்கர் சத்தமாகச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மா என்னைக் கேட்கவில்லை. தன் டின்னிலிருந்து அரை உழக்கு அளந்தார். நான் பார்க்க அதே கிணற்றில் தண்ணீர் எடுத்து, அதே அடுப்பில், திறந்த பாத்திரத்தில் ஏற்றினார். பன்னிரண்டு பத்து. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறை காதும் திறந்திருந்தது. பின்வாசல் படியிலிருந்து மனைவி பேசினாள். என்னிடமா கிணற்றிடமா என்று தெரியாத குரல்.

"அன்னிக்கும் இதத்தான் சொன்னேன்."

"எதச் சொன்ன?"

"ரெண்டு வருஷத்துப் பருப்புங்க, கடையில போய் நூத்தம்பது கிராம் புதுசு வாங்கிட்டு வாங்க, செத்த நேரம் ஆகும்னு சொன்னேன். 'பருப்ப மாத்துனா கணக்கு தப்பிரும்'னு சொன்னிய."

கரண்டியின் கூழாங்கல் சத்தம் எனக்கு முப்பத்தொரு வருடமாக ஞாபகம் இருக்கிறது. அவள் சொன்னது ஞாபகம் இல்லை. சீசாவின் கடைசி அரை உழக்கு அது. அடுத்த வீட்டுக்குப் புதுப் பருப்பு வாங்கியதும் அது முப்பத்தாறு நிமிடத்தில் வெந்ததும் நோட்டில் என் கையெழுத்திலேயே அடுத்தடுத்த வரியாக இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகளுக்கு, இரண்டு விடை வந்தால் கேள்வியைத் திரும்பப் பார் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்.

"பொறவு ஏன் சொல்லல?"

"ஒருக்காச் சொன்னேன்லா. நாலு நாளு யோசிச்சேன், இன்னொருக்காச் சொல்லுவமான்னு. அஞ்சாம் நாளு கேட்டா, யாரோ அட்வான்ஸ் குடுத்துட்டாவளாம்."

மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எம்மா, எந்த வீட்டச் சொல்லுத?"

"இந்த வீட்டத்தான் சொல்லுதேன். உங்கப்பா சைக்கிள் முன்கம்பியில உக்காந்து, கொடத்துத் தண்ணி சட்டையெல்லாம் தெறிச்சிருச்சின்னு அழுதியே, அது இந்தக் கெணத்துத் தண்ணி."

மகள் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வீட்டுக்காரம்மா வாயில் கைவைத்துக்கொண்டு, "சார்… அந்த வாத்தியாரு…" என்றார். நான் தலையாட்டினேன். அவர் மறுபடி புண்ணியவான் என்று சொல்லவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

பன்னிரண்டு நாற்பத்து நாலுக்குப் பருப்பு மலர்ந்தது. முப்பத்து நாலு நிமிடம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தண்ணீரைவிட இரண்டு நிமிடம் குறைவு.

அந்த அம்மா விடவில்லை. அதே பருப்பைக் கடைந்து, நெய் ஊற்றி, சோறு போட்டார். மனைவி இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டாள். வெளியில் எங்கும் அப்படி வாங்க மாட்டாள். மருமகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள் மகள்.

"மாமா, என்ன சொல்லுதிய?" என்றார்.

"வாங்கலாம் மாப்பிள்ளை. தண்ணி நல்ல தண்ணி," என்றேன். "ஆனா இனிமே என்னையக் கேக்காதிய. உங்க அத்தையக் கேளுங்க."

"அத்தை என்ன சொல்லுதாவ?"

"சன்னலு பதினாறு இருக்கு," என்றாள் மனைவி. "தொடைக்க ஆளு வைக்கணும்."

அட்வான்ஸை மகள் திங்கட்கிழமை கொடுத்தாள். கோயம்புத்தூர் அண்ணன் வருத்தப்பட்டார். சரியாகிவிடும்.

அந்த டப்பாவிலிருந்த மீதத்தை வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை, நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் வேண்டாம் என்ற பதினெட்டில் பருப்புக்காக மட்டும் வேண்டாம் என்றவை ஆறு. ஆறுக்கும் தேதி இருக்கிறது. ஒவ்வொரு படியும் வாங்கிய தேதியும் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் ஆறில் ஐந்து, பருப்பு ஒன்றரை வருடம் தாண்டிய பிறகு பார்த்த வீடுகள். சுந்தரபாண்டியத்துக்காரர் ஒருவர் எங்கே பார்த்தாலும், "நல்லவேளை சார், அந்த வீட்ட வாங்காம என்னையக் காப்பாத்துனிய," என்று கையைப் பிடித்துக்கொள்வார். அவரிடம் என்ன சொல்வது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பதினேழாவது குறிப்பை நான் அடிக்கவில்லை. அது சரியான சோதனைதான். பக்கத்தில், பருப்பு அந்த வாரம் வாங்கியதாக இருக்க வேண்டும், சமைக்கிறவரைக் கேட்டு அளக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். கதவிலிருந்து கேட்டை நோக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. வழக்கம்போல அவளுடைய அடிகளை நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டு பின்னால் வந்தேன். வேம்புக்குக் கீழே வந்ததும் அவள் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். கீழே கிடந்த இரண்டு மூன்று பழங்களைச் செருப்பால் ஓரமாக ஒதுக்கினாள், தன் வீட்டு வாசலில் செய்வதுபோல.

முப்பத்தேழோ முப்பத்தெட்டோ. அதற்கு மேல் விட்டுப்போயிற்று.